ஒரு சதவீதச் சந்தேகம் போதுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், சட்டத்தரணி, ஒரு சதவீதச் சந்தேகம் இருந்தாலும் இவரை விடுதலை செய்தே ஆகவேண்டும் என்று வாதாடுகிறார். உடனே விடுதலையும் கிடைக்கிறது. உண்மையான சட்டமும் அப்படித்தானா, அப்படியானால் எந்தக் குற்றவாளிதான் அகப்படுவான், சில மாதங்களில் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகும் உங்கள் வாயில் ஒரு சொல் பிசகினால் வழக்கே விழுந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இன்னார்தான் செய்தார் என்று ஊரே அறிந்திருக்கும்போது நீதிமன்றம் மட்டும் அறியாததுபோல் நடந்துகொள்ளச் சட்டம் ஏன் இடம் கொடுக்கிறது என்பதே அது. நான் திருகோணமலை, மூதூர், கந்தளாய் நீதிமன்றங்களில் நீண்ட காலமாகக் குற்றவியல் வழக்குகளில், பெரும்பாலும் எதிரிகளின் தரப்பில், தோன்றிவரும் சட்டத்தரணி. பிற நாடுகளைப் பற்றிக் கீழே சொல்பவை தீர்ப்புகளைப் படித்து அறிந்தவை. அங்கெல்லாம் நான் வழக்காடியதில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். குற்றவாளி என எண்பிக்கப்படும் (நிரூபிக்கப்படும்) வரை ஒவ்வொருவரும் சுற்றவாளி, அதாவது குற்றமற்றவர், என்றே ஊகிக்கப்பட வேண்டும் என்கிறது எமது அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை. குறிப்பிட்ட சில விடயங்களை எண்பிக்கும் சுமையைச் சட்டத்தின் மூலம் எதிரியின்மேல் வைக்கலாம் என்ற ஒரு விலக்கும் அதே உறுப்புரையில் உண்டு. அந்த விலக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஒரு விடயம் உண்டு என்று கூறுபவரே அதை எண்பிக்க வேண்டும் என்பது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 101ஆம் பிரிவு. குற்றவியல் வழக்கில் அப்படிக் கூறுவது அரசு. ஆகவே சுமையும் அரசினுடையது. எந்த அளவுக்கு எண்பிக்க வேண்டும் என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, 'எண்பிக்கப்பட்டது' என்பதை வரையறுக்கும்போது சந்தேகத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு விவேகமுள்ள மனிதர், அந்த வழக்கின் சூழ்நிலையில், அந்த விடயம் உண்மை என்று கொண்டு செயற்படும் அளவுக்கு அது நிகழ்தகவுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் கூறுகிறது. காணி வழக்குக்கும் கொலை வழக்குக்கும் வரையறை ஒன்றுதான். ஆனால் ஒருவரைச் சிறைக்கோ மரண தண்டனைக்கோ அனுப்புவதற்கு முன் விவேகமுள்ள மனிதர் கோரும் உறுதி, ஒரு கடனைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட முன் கோரும் உறுதியைவிட மிகக் கூடியதாகவே இருக்கும் என்ற விளக்கத்தை, ஆங்கிலச் சட்டத்தின் வழிநின்று எமது நீதிமன்றங்கள் நிலைநாட்டின.

அந்த ஆங்கிலச் சட்டத்தின் தலையாய தீர்ப்பு அன்று பிரித்தானியாவின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1935இல் வழங்கிய வுல்மிங்டன் வழக்கு. இளம் பண்ணைத் தொழிலாளி ஒருவர், தன்னை விட்டுப் பிரிந்து தாய்வீடு சென்றிருந்த மனைவியைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். திரும்பி வராவிட்டால் நான் செத்துவிடுவேன் என்று காட்டத்தான் துப்பாக்கியைக் கொண்டுபோனேன், அது தவறுதலாக வெடித்துவிட்டது என்பது அவரது கூற்று. கொன்றது நிரூபணமானால் அது விபத்து என்று காட்ட வேண்டியவர் எதிரியே என விசாரணை நீதிபதி ஜூரிகளுக்குச் சொன்னார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிரபுக்கள் சபை அதை ரத்துச் செய்தது. வேண்டுமென்றே கொன்றார் என்பதையும் அரசே எண்பிக்க வேண்டும். எதிரியின் கதை உண்மையாக இருக்கலாமோ என்ற நியாயமான சந்தேகம் எஞ்சினால் அவர் விடுதலை பெற உரித்துடையவர் என்றது. அந்த மனிதரின் கதை எளிதில் நம்பக்கூடியதல்ல என்பதை மறக்கக்கூடாது. நம்பத்தக்க கதை சொல்பவருக்கு மட்டும் உதவும் விதி என்றால் அதற்கு வேலையே இல்லை.

இனி உங்கள் ஒரு சதவீதத்துக்கு வருகிறேன். அந்த வசனம் தவறு. 1947இல் ஓய்வூதிய வழக்கொன்றில் ஆங்கிலேய நீதிபதி டெனிங், நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பித்தல் என்பது சந்தேகத்தின் நிழல்கூட இல்லாமல் எண்பித்தல் அல்ல என்று தெளிவாகச் சொன்னார். கற்பனையில் மட்டும் எழக்கூடிய சாத்தியங்களுக்கு இடம் கொடுத்தால் சட்டம் சமூகத்தைக் காக்கத் தவறிவிடும் என்பது அவர் கூறிய காரணம். எமது தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் பகுதி இது. மனிதர்கள் கண்டும் கேட்டும் சொல்லும் எதிலும் ஒரு சதவீத ஐயம் எப்போதும் இருக்கும். அது போதுமென்றால் ஒருவரையும் தண்டிக்க முடியாது. அப்படியானால் எத்தனை சதவீதம் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். சட்டம் அந்த எண்ணை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறது. சிவில் வழக்கில் எந்தப் பக்கம் கூடுதலாகச் சாய்கிறது என்று பார்ப்பதால் ஐம்பத்தொன்று என்று பேச்சுக்குச் சொல்லலாம். குற்றவியலில் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று எண் வைத்தால், அந்த எண்ணுக்குள் தெரிந்தே சில சுற்றவாளிகளைத் தண்டிக்கச் சம்மதித்ததாகிவிடும். இங்கிலாந்தில் இன்று நீதிபதிகள், எதிரி குற்றவாளி என்று உங்களுக்கு உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் ஜூரிகளிடம் கேட்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

'நியாயமான' என்பதன் பொருள் ஓர் உதாரணத்தில் விளங்கும். இது முற்றிலும் கற்பனை. திருக்கடலூரில் கரையேற்றி வைத்திருந்த படகிலிருந்து இரவோடு இரவாக ஒரு என்ஜின் களவு போகிறது. மூன்றாம் நாள் குச்சவெளியில் ஒருவருடைய வளவில் பொலிசார் அதைக் கண்டெடுக்கிறார்கள். களவுபோன பொருளைக் களவு நடந்த சிறிது காலத்துக்குள் வைத்திருப்பவர், அதற்குக் காரணம் காட்டாவிட்டால், கள்வர் அல்லது களவுப்பொருள் எனத் தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவில் உள்ள உதாரணம். 'ஊகிக்கலாம்' என்றுதான் இருக்கிறது. 'ஊகிக்க வேண்டும்' என்றில்லை. எனக்கு வேண்டாதவர் யாரோ கொண்டுவந்து போட்டிருக்கலாம் என்று மட்டும் அந்த மனிதர் சொல்கிறார், யார் அந்த வேண்டாதவர், ஏன் வேண்டாதவர் என்பதற்கு எதுவுமில்லை என்றால், அது வெறும் சாத்தியம். அந்தச் சந்தேகத்துக்குச் சாட்சியத்தில் கால் ஊன்ற இடமில்லை. அதையே, இன்ன சந்தையில் பழக்கமான ஒருவரிடம் இவ்வளவு பணத்துக்கு வாங்கினேன், பட்டப்பகலில் லான்ட்மாஸ்டரில் ஏற்றி வந்தபோது பக்கத்து வீட்டார் கண்டார்கள் என்று சொல்லி, பக்கத்து வீட்டாரும் ஆம் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீதவான் அவரை முழுமையாக நம்ப வேண்டியதில்லை. இப்படியும் நடந்திருக்கக்கூடும் என்று விவேகமுள்ள ஒருவர் தயங்கி நின்றால் போதும்; விடுதலைதான். விற்பனைச் சீட்டைக் கொண்டுவந்து தன் சுத்தத்தை நிறுவும் கடமை அவருக்கு இல்லை. அதேவேளை என்ஜினின் தொடர் இலக்கம் அராவி அழிக்கப்பட்டு, அராவிய அரம் அதே வளவில் கிடந்தால், அந்த வாங்கிய கதை நிற்பது கடினம். ஒரே பொருள், ஒரே இடம். சந்தேகத்தின் தகுதி மட்டும் மாறுகிறது.

இந்த உதாரணத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். நான்தான் எடுத்தேன், வளவில் ஓலைக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அவர் பொலிசாரிடம் சொல்லியிருந்தால், 'நான்தான் எடுத்தேன்' என்ற பகுதி அதே சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி நீதிமன்றத்துக்குள் வரவே முடியாது. ஒளித்த இடத்தைக் காட்டிய பகுதி மட்டும், பொருள் உண்மையில் அங்கே அகப்பட்ட காரணத்தால், 27ஆம் பிரிவின்படி வரும். ஊருக்குத் தெரிந்ததும் நீதிமன்றத்துக்குத் தெரிந்ததும் வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஊர் முழு ஒப்புதலையும் கேட்டுவிட்டது; நீதிமன்றம் அந்த மனிதருக்கு அந்த இடம் தெரியும் என்பதை மட்டுமே கேட்கிறது. பொலிஸ் நிலையத்துக்குள் ஒப்புதல்கள் எப்படியெல்லாம் பெறப்படலாம் என்பதை அறிந்தே சட்டம் அந்த வாசலை அடைத்து வைத்திருக்கிறது. சூழ்நிலைச் சாட்சியத்திலும் அதே கண்டிப்பு உண்டு. சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகள் எத்தனை சேர்ந்தாலும், அவை அரசின் எண்பிக்கும் சுமையை இறக்கி வைத்துவிடாது என்று 1963ஆம் ஆண்டின் சுமணசேன வழக்கில் சொல்லப்பட்டது. கோவைகளைக் கட்டிக்கொண்டு தினமும் நீதிமன்றம் போகும் எவரும் மனப்பாடமாக வைத்திருக்கும் வரி அது.

தொலைக்காட்சி எங்கே எம்மைப் பிழையான வழியில் கொண்டுபோகிறது? மேசையில் சுத்தியல் தட்டும் நீதிபதியையோ, கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்து ஓடிவரும் சாட்சியையோ நான் பெரிதாக எடுப்பதில்லை. எமது மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகையோடு சாட்சிகளின் பட்டியலும் இணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஆழமான பிழை வேறு. நாடகம் பார்ப்பவருக்கு உண்மை தெரிவிக்கப்படுகிறது. 1957 முதல் 1966 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான பெரி மேசன் தொடரில் குறுக்கு விசாரணையின் இறுதியில் உண்மையான கொலையாளியே ஒப்புக்கொள்வது வழக்கம். எதிரி விடுதலையாவது சந்தேகத்தால் அல்ல, சுத்தம் என நிறுவப்பட்டதால். இன்று நாம் பார்க்கும் தொடர்களிலும் கொலை நடந்த இரவை மீண்டும் காட்டி எல்லாவற்றையும் வெளிச்சமாக்கிவிடுகிறார்கள். ஆகவே தீர்ப்பு சரியா பிழையா என்பதை, கமரா காட்டிய உண்மையோடு ஒப்பிட்டு நாம் முடிவு செய்கிறோம். எந்த நீதிமன்றத்திலும் அந்தக் காட்சி கிடையாது. நான் தோன்றிய வழக்குகளில் எத்தனையோ எதிரிகள் விடுதலையானார்கள். அவர்கள் செய்தார்களா இல்லையா என்பது எனக்கே தெரியாது, நீதிபதிக்கும் தெரியாது. நியாயமான சந்தேகம் என்ற விதி, உண்மையை ஒருபோதும் நேரில் காண முடியாத மனிதர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருப்பதால் உண்டானது.

கிழக்கில் வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடக் கேட்டவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கள்வன் கையில் சிலம்பு இருந்தால் கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டுவா என்பதுதான் பாண்டியன் இட்ட கட்டளை. மேலே சொன்ன 114ஆம் பிரிவின் ஊகத்தை, விளக்கம் கேட்காமலே தீர்ப்பாக்கிய கட்டளை. கண்ணகி சபையேறிச் சிலம்பை உடைத்து, அரசியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம் என்று காட்டுகிறாள். கணவன் சுற்றவாளி என்பதை அவளே முழுமையாக நிறுவ வேண்டியிருந்தது. இன்றைய சட்டத்தின் முன் அந்த வழக்கு வந்திருந்தால் சிலம்பை உடைக்க வேண்டிய தேவையே எழுந்திராது. இது அரசியின் சிலம்புதான், இதைப் போன்ற இன்னொன்று மதுரைக்குள் வந்திருக்க முடியாது என்பதை அரண்மனைதான் காட்டியிருக்க வேண்டும். பொற்கொல்லனின் வாய்ச்சொல் அதற்குப் போதாது. உடைந்த சிலம்பு இல்லாத வழக்குகளே உலகில் பெரும்பான்மை என்பதால்தான் சுமையை இந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, தொலைக்காட்சி சொல்லாத சில இடங்களில் எமது சட்டம் எதிரிக்கு நீங்கள் நினைப்பதைவிடக் கடுமையானது. கொன்றது நான்தான், ஆனால் என் உயிரைக் காக்கச் செய்தேன் என்று ஒருவர் சொன்னால், இங்கிலாந்தில் அது தற்காப்பு அல்ல என்பதை அரசே எண்பிக்க வேண்டும். இலங்கையில் அப்படி இல்லை. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி அந்த விதிவிலக்கை எண்பிக்கும் சுமை எதிரியினுடையது. சிவில் வழக்கின் அளவுக்கு, அதாவது நிகழ்தகவின் சமநிலையில், அவர் அதைக் காட்ட வேண்டும். 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கில் இங்கே அவ்வாறு தீர்மானிக்கப்பட்டது. ஜயசேன வழக்கில், அன்று எமக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது. ஆகவே ஆங்கிலத் தொடர் ஒன்றில் தற்காப்புப் பற்றிய சந்தேகத்தால் விடுதலையாகும் ஒருவர், அதே சாட்சியத்தோடு எமது மேல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படலாம். மறுபுறம், எதிரிக்கூண்டில் நின்றபடியே சத்தியம் செய்யாமல், குறுக்கு விசாரணைக்கும் உட்படாமல் எதிரி கூற்றொன்றைச் செய்யும் வழக்கம் எம்மிடம் இருக்கிறது. அதன் பெறுமதி குறைவு என்றாலும், அது நியாயமான சந்தேகத்தை எழுப்பினால் எதிரி விடுதலை பெற வேண்டும் என்று 1968இல் குலரத்ன வழக்கில் கூறப்பட்டது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சொல்லாமல் இந்த விடயத்தை எம்மூரில் பேசுவது நேர்மையாகாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமான அது, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் செய்யப்பட்ட ஒப்புதலை ஏற்கத்தக்கதாக்கியது. அதை விரும்பிச் செய்யவில்லை என்று காட்டும் சுமையையும் 16ஆம் பிரிவு எதிரியின் தலையிலேயே வைத்தது. மூடிய அறைக்குள் நடந்ததை, அந்த அறைக்குள் தனியே இருந்தவரே எண்பிக்க வேண்டும். அத்தகைய ஒப்புதலை வைத்துத் தண்டிக்கப்பட்ட சிங்கராசாவின் முறைப்பாட்டை ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, அந்தச் சுமை சுற்றவாளி என்ற ஊகத்தோடு ஒத்துப்போகாது என்று 2004இல் கருத்து வெளியிட்டது. எங்கள் தலைமுறைச் சட்டத்தரணிகளுக்கு இது ஏட்டுச் சட்டமாக இருந்ததில்லை. நியாயமான சந்தேகம் குற்றவாளிகள் தப்பும் ஓட்டை என்று யாராவது சொல்லும்போது, அந்த விதி பலவீனமாக்கப்பட்ட இடத்தில் எத்தனை இளைஞர்களின் வருடங்கள் போயின என்பதுதான் என் நினைவுக்கு வருகிறது.

நாளாந்த வழக்குகளில் சந்தேகம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வியப்பூட்டும் வாதங்களிலிருந்து அல்ல; கவனக்குறைவிலிருந்து. ஹெரோயின் வழக்கை எடுங்கள். 2 கிராம் அல்லது அதற்கு மேல் வைத்திருந்ததற்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க இடமுண்டு. அங்கே அரசு எண்பிக்க வேண்டியது கைப்பற்றிய கதையை மட்டுமல்ல. எங்கே நிறுக்கப்பட்டது, யார் முன்னிலையில் முத்திரையிடப்பட்டது, பொலிஸ் நிலையத்தில் எந்தப் பதிவேட்டில் ஏறியது, யாருடைய பொறுப்பில் எத்தனை நாள் கிடந்தது, அரச பகுப்பாய்வாளரின் கைக்குப் போனபோது முத்திரை அப்படியே இருந்ததா என்று ஒவ்வொரு கண்ணியும் சாட்சியால் கட்டப்பட வேண்டும். பகுப்பாய்வாளரின் அறிக்கையே தங்கியிருப்பது அங்கே பொருள் போய்ச் சேர்ந்த அந்தப் பயணத்தில்தான் என்று பெரேரா எதிர் சட்டமா அதிபர் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வலியுறுத்தியது. நிறையில் முரண்பாடு, ஒரு நாளுக்குப் பொறுப்பாளர் இல்லை என்பன வெளிவந்து எதிரி விடுதலையானால், மறுநாள் ஊரில் 'சட்டத்தரணி கெட்டிக்காரன்' என்கிறார்கள். உண்மையில் அங்கே பதிவேட்டை எழுதாமல் விட்டவர் வேறு யாரோ.

அடுத்து, இந்த மாவட்டத்தில் வாழும் எவருக்கும் இந்தக் கேள்வியோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் இரண்டு வழக்குகள். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில், 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் ஜூரிகள் ஆறு இராணுவத்தினரையும் விடுவித்தார்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி எமது கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், 2019 ஜூலை 3ஆம் திகதி திருகோணமலை நீதவான் நீதிமன்றம் பதின்மூன்று சந்தேகநபர்களையும் போதிய சாட்சியம் இல்லை என விடுவித்தது. இரண்டையும் 'சந்தேகத்தின் பலன்' என்று ஒரே பெயரில் பேசுகிறோம். சட்டத்தில் அவை வெவ்வேறு. முதலாவது, விளக்கம், அதாவது முழு வழக்கு விசாரணை, முடிந்து வந்த தீர்ப்பு. தனி நீதிபதி தீர்ப்பெழுதினால் எந்தச் சாட்சியை ஏன் நம்பவில்லை என்று காரணம் எழுத வேண்டும். நாமும் வாசித்து அந்தச் சந்தேகம் நியாயமானதா என்று எடைபோடலாம். ஜூரிகள் காரணம் சொல்வதில்லை. சம்பவம் நடந்த மண்ணிலிருந்து தொலைவில், இருபது வருடங்களுக்குப் பிறகு, சாட்சி சொன்னவர்களின் சொல்லில் அவர்கள் கண்ட சந்தேகம் என்ன என்பதை எந்தத் தாளிலும் வாசிக்க முடியாது. இரண்டாவது வழக்கோ நியாயமான சந்தேகம் என்ற கட்டத்துக்கே வரவில்லை. நீதவான் முன் நடந்தது, மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பப் போதுமான சாட்சியம் உண்டா என்று பார்க்கும் சுருக்கமுறையற்ற விசாரணை. அங்கே வராமற்போனது சாட்சிகள். அச்சத்தால் நாட்டைவிட்டுப் போனவர் எந்த அளவுகோலின் கீழும் சாட்சியாக மாட்டார். இவ்விரு வழக்குகளிலும் நீதி கிடைக்கவில்லை என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தை எண்பிப்பின் அளவுகோலில் தேடுவது பிழையான இடத்தில் தேடுவதாகும் என்பதும் என் கருத்து. அளவுகோலைத் தளர்த்தியிருந்தால் அந்த வழக்குகள் வென்றிரா. அதே தளர்வு மறுநாள் எம் பிள்ளைகள்மேல் பிரயோகிக்கப்பட்டிருக்கும்.

சர்ச்சைக்குரியவற்றையும் தனியே சொல்லிவிட வேண்டும். 'ஆயிரம் குற்றவாளிகள் தப்பலாம், ஒரு நிரபராதி தண்டிக்கப்படக்கூடாது' என்ற திரைப்பட வசனம் சட்டவிதி அல்ல. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதியது பத்துக் குற்றவாளிகள் என்று. பெஞ்சமின் பிராங்ளின் அதை நூறாக்கினார். எண் கூடுவதும் குறைவதும் சொல்பவரின் உணர்ச்சியைப் பொறுத்தது. நியாயமான சந்தேகம் என்ற கோட்பாடு எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. பிழையாகத் தண்டித்தால் தம் ஆன்மாவுக்குக் கேடு வரும் என்று அஞ்சிய ஜூரிகளின் மனச்சாட்சிக்கு ஆறுதலாகவே அது பிறந்தது என்று ஜேம்ஸ் விற்மன் என்ற அறிஞர் வாதிட்டிருக்கிறார். வேறு வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. தடயவியல் தொடர்களைப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு வழக்கிலும் மரபணுச் சோதனையை எதிர்பார்த்து, இல்லாவிட்டால் விடுதலை செய்துவிடுகிறார்கள் என்ற பேச்சும் உண்டு. 2006இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நீதிபதி டொனால்ட் ஷெல்டனும் அவரது குழுவினரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜூரிகளிடம் கேட்டுப் பார்த்தபோது, அத்தகைய தொடர்களைப் பார்ப்பவர்களின் எதிர்பார்ப்பு கூடுதலாக இருந்ததே தவிர, அது தீர்ப்பை மாற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. இலங்கையில் பெரும்பாலான வழக்குகளை நீதவான்களும் நீதிபதிகளுமே தனித்து விசாரிப்பதால், அந்தக் கவலையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் சாட்சிகளும் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். குறுக்கு விசாரணை என்றாலே அவமானம் என்ற பயத்தோடு பலர் கூண்டேறுவதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வி அதுதான். உங்கள் வழக்கைப் பற்றி நான் பேசப் போவதில்லை, பேசவும் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன். ஒரு சொல் பிசகினால் வழக்கு விழாது. சாட்சி என்பவர் ஒளிநாடாவைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதுபோல் நடந்ததை ஒப்புவிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, சிறு விபரங்களில் வரும் பிசகுகள் அடிப்படையை அசைக்காது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1983இல் பர்வாடா வழக்கில் சொன்னதை எமது நீதிமன்றங்களும் பின்பற்றி வருகின்றன. ஒன்றில் பொய் சொன்னவர் எல்லாவற்றிலும் பொய்யர் என்ற பழைய விதியையும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு பிரயோகிப்பதில்லை. நேரம் ஏழரையா எட்டா, சேட்டு நீலமா கறுப்பா என்பன மன்னிக்கப்படும். ஆளைக் கண்டீர்களா இல்லையா என்பதில் மாறினால் மன்னிக்கப்படாது. சாட்சிகளின் எண்ணிக்கையும் முக்கியமல்ல. இத்தனை பேர் வேண்டும் என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கேட்பதில்லை, நம்பத்தக்க ஒருவரே போதும்.

எதிரிகளுக்காகக் குறுக்கு விசாரணை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எம்மால் உடைக்க முடியாத சாட்சி, தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர். உடைபவர், காணாததையும் கண்டதாகச் சேர்த்துச் சொல்லி அரசுக்கு உதவ நினைப்பவர். பொலிசாருக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் இல்லாத ஒன்றைக் கூண்டில் புதிதாகச் சொன்னால் அதைத்தான் முதலில் பிடிப்போம். எமது மாவட்டத்தில் தமிழில் சொல்லப்பட்டதை உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதி, கையொப்பம் மட்டும் தமிழில் வாங்கியிருப்பது வழக்கம். உங்களதும் அப்படியானால், முரண்பாடு என்று ஒன்று காட்டப்படும்போது, அதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டினார்களா இல்லையா என்ற உண்மையை நீதவானிடம் சொல்லுங்கள். அவர் அதை எடைபோடுவார். கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள், அதில் குறையேதுமில்லை. யாராவது வீட்டுக்கு வந்தோ தொலைபேசியிலோ சாட்சி சொல்ல வேண்டாம் என்று மிரட்டினால், பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது தனியான குற்றம். திகதி, நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, தவணை வரும் வரை காத்திராமல் உடனே முறையிடுங்கள்.